மாதிரி விசைப்படகுக்கு மரக்கீற்று அறுக்கும் முறை

நீரில் விரைந்தோடும் மாதிரி விசைப்படகு நேராகச் செல்லுமா, ஒரு பக்கமாக இழுக்குமா என்பது, அதன் உடலாக வரிசையாக ஒட்டப்படும் மெல்லிய மரக்கீற்றுகளை அறுக்கும் கட்டத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. படகின் இடப்பக்கத்தில் ஒட்டிய கீற்றுகள் வலப்பக்கத்துக் கீற்றுகளைவிடச் சற்றே தடிப்பாகவோ விறைப்பாகவோ இருந்தால், பசை காயும்போது உடல் முறுகிக்கொள்ளும். அந்த முறுக்கு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் மோட்டார் முழு வேகத்தில் சுழன்று, படகு நீரின் மேல் எழும்பி ஓடத் தொடங்கும்போது, அடிப்பக்கத்தின் சிறு சாய்வுகூடத் திசையை மாற்றப் போதுமானதாகிவிடும்.

நம் மொரீசியசில் 1960களின் பிற்பகுதியில் கியூர்பிப்பில் தொடங்கி வளர்ந்த காட்சிக் கப்பல் தொழிலால், மெல்லிய மரக்கீற்றுகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இங்கே குறைவில்லை. எனினும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கப்பலுக்கு வடிவமும் நிறமும் போதும். ஓடும் படகுக்கோ எடைக்குறைவும் இருபக்கச் சமனும் வேண்டும். வெவ்வேறு மரங்களிலிருந்து அறுத்துக் கலந்து கட்டிய கீற்றுகளை வாங்கினால் இந்தச் சமன் கிடைக்காது. ஒரே பலகையிலிருந்து நாமே அறுத்துக்கொள்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

அளவும் எண்ணிக்கையும்

முதலில் எத்தனை கீற்றுகள் தேவை என்று கணக்கிட வேண்டும். 900 மில்லிமீட்டர் நீளமுள்ள படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகின் நடுப்பகுதியிலுள்ள வங்கின் மேல், அதாவது விலாச்சட்டத்தின் மேல், ஏரா என்னும் அடிமரத்திலிருந்து மேல்தள விளிம்பு வரை ஒரு காகித நாடாவை ஒட்டி அளந்தால் 160 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீற்றின் அகலம் 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 20, இரு பக்கத்துக்கும் 40 கீற்றுகள். கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து 50 அறுப்பது நல்லது. கணு, வெடிப்பு, விறைப்பு வேறுபாடு ஆகியவற்றால் சில கட்டாயம் கழியும். கீற்று வளைவைத் தொடர்ந்து செல்வதால் படகின் நீளத்தைவிட அதிக நீளம் பிடிக்கும். ஆகவே பலகை 1000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உடலுக்கான கீற்று 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், ஒட்டிய பிறகு தேய்த்துச் சமப்படுத்தியும் ஒன்றரை மில்லிமீட்டராவது மிஞ்சும். மேல்தளத்துக்கு 4 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் போதும். அடிப்பக்கமும் பக்கச்சுவரும் சந்திக்கும் விளிம்பில் ஓடும் ஓரச்சட்டம் 6 மில்லிமீட்டர் சதுரமாக வேண்டும். அடிப்பக்கத்துக்கு ஒட்டுப்பலகை போடுகிறவர்களுக்கும் இந்த ஓரச்சட்டம் தேவைப்படும். ஆனால் அதை ஒரே சட்டமாக அறுக்காமல், 6 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரண்டு கீற்றுகளாக அறுத்து, படகின் மேலேயே ஒன்றோடொன்று ஒட்டுங்கள். மரத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். எனவே இரண்டு கீற்றுகளையும் சேர்த்து வளைத்தாலும் ஒற்றைச் சட்டத்துக்குத் தேவைப்படும் விசையில் கால் பங்கே போதும். அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், கூர்மையான வளைவில் சட்டம் முறிவதும், வங்குகளை இழுத்து உடலைக் கோணலாக்குவதும் இதனால் தவிர்க்கப்படும்.

எந்த மரம்

எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மரத்தேர்வு தெளிவாகும். 900 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கீற்றின் கன அளவு 14.4 கன சென்டிமீட்டர். கன சென்டிமீட்டருக்கு 0.35 கிராம் எடையுள்ள மென்மரத்தில் அது ஏறக்குறைய 5 கிராம், 0.65 கிராம் எடையுள்ள தேக்கில் 9 கிராமுக்கு மேல். நாற்பது கீற்றுகளுக்கு முறையே 200 கிராமும் 370 கிராமும் ஆகும். அந்த 170 கிராம் வேறுபாடு, இந்த அளவுள்ள படகு நீரின் மேல் விரைவில் எழும்புவதையும் எழும்பாமல் உழுவதையும் தீர்மானிக்கக்கூடியது.

நம் தீவின் மேட்டுநிலக் காடுகளில் நட்டு வளர்க்கப்படும் கிரிப்டோமீரியா இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. எடை குறைவு, இழை நேராக ஓடும், இழைப்புளிக்கு எளிதில் இணங்கும். அதன் மென்மையால் விரல்நகம் பட்டாலும் பள்ளம் விழும் என்பது மட்டுமே குறை. சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சிப் பசையால் மேலே ஒட்டிவிட்டால் அதுவும் தீர்ந்துவிடும். இங்கே அதிகமாகக் கிடைக்கும் பைன் சற்றுக் கனமானது, பிசினும் அதிகம். ரம்பப் பற்களில் பிசின் ஏறிவிட்டால் வெட்டு கருகத் தொடங்கும். அப்போது ரம்பத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைக்க வேண்டும். பால்சா மிக இலேசானது, ஆனால் தனியாக நின்று அடி தாங்காது.

காட்சிக் கப்பல் பட்டறைகளில் மிஞ்சும் தேக்கும் மகோகனியும் அழகானவை. மகோகனியை மேல்தளத்துக்கும் மோட்டார் தாங்கிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்கா ரம்பத்தின் கூர்மையை விரைவில் மழுக்கும். அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுதலைக் கெடுக்கும் என்பதால், எப்பாக்சி பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம்மவர்கள் போற்றும் பலா, மேல்தளத்தில் மஞ்சள் கோடுகளாக இடையிடையே வைக்க மிகப் பொருத்தமானது. காற்றும் வெயிலும் பட்டு நாளடைவில் பொன்பழுப்பாக ஆழ்ந்துபோகும். கடற்கரையெங்கும் நிற்கும் சவுக்கை இதற்கு எடுக்காதீர்கள். அது கனமும் கடினமும் மிக்கது, உலரும்போது வெடிக்கும்.

எந்த மரமானாலும் அதன் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பலகையின் மேற்பரப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. பலகையின் ஒரு மூலையிலிருந்து சிறு துண்டை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு பலகையின் ஓரத்துக்கு இணையாகச் சென்றால் அது நல்ல பலகை. குறுக்கே விலகிச் சென்றால், அதிலிருந்து எடுக்கும் கீற்று வளைக்கும் இடத்தில் சரிவாக முறியும். அத்தகைய பலகையில் பிளவு சென்ற திசையையே புதிய ஓரமாகக் கோடிட்டு அறுத்துக்கொண்டால் ஓரளவு காப்பாற்றலாம்.

ஈரம்

மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாட்டில்தான் சுருங்கி விரிகிறது. 8 மில்லிமீட்டர் கீற்று நூற்றில் ஒரு பங்கு சுருங்கினால் 0.08 மில்லிமீட்டர்தான், ஆனால் இருபது கீற்றுகளில் அது 1.6 மில்லிமீட்டராகிவிடும். அந்த அளவுக்கு இடைவெளி விட்டால் நீர் உள்ளே புகும், அல்லது பூச்சு வெடிக்கும்.

இது நம் தீவில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி. ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் எப்போதும் மழையும் மூடுபனியுமாக இருக்கும் கியூர்பிப்புக்கும், வறண்ட வெப்பமுள்ள போர்ட் லூயிசுக்கும் பயணத் தொலைவு சிறிதே என்றாலும், காற்றின் ஈரத்தில் பெரும் வேறுபாடு உண்டு. மேட்டில் வாங்கிய பலகையைக் கடற்கரை ஊருக்குக் கொண்டுவந்த அன்றே அறுத்தால், கீற்றுகள் அடுத்த சில நாள்களில் வில்லாக வளையும். ஆகவே படகை எந்த அறையில் கட்டப் போகிறீர்களோ, அதே அறையில் பலகையைத் தரையில் படாமல், அடியில் சிறு குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வாருங்கள். எடை மாறாமல் நின்றுவிட்டால் பலகை அந்த அறையின் காற்றோடு இணங்கிவிட்டது என்று பொருள். தைப்பூசத்தை ஒட்டிய மழைக்கால வாரங்களில் அறுப்பதைத் தவிர்த்து, ஆண்டிலேயே மழை குறைந்த அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாள்களில், அறுப்பதும் ஒட்டுவதுமாகச் சேர்த்து முடித்துவிடுவது மிகவும் நல்லது.

பலகையைத் தயார் செய்தல்

கீற்றின் அகலம் எதுவோ அதுவே பலகையின் தடிமனாக இருக்க வேண்டும். அதாவது 8 மில்லிமீட்டர் அகலமான கீற்றுகள் வேண்டுமென்றால், முதலில் பலகையை இருபுறமும் இழைத்து 8 மில்லிமீட்டர் தகடாக்கி, பிறகு அதன் ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக வரிசையாக அறுக்க வேண்டும். இழைத்த முகங்கள் கீற்றின் குறுகிய விளிம்புகளாக அமைவதால், பக்கத்துக் கீற்றோடு ஒட்டும் இணைப்பு இடைவெளியின்றிப் பொருந்தும். அறுபட்ட முகங்கள் உள்ளும் புறமுமாக அமையும். புறமுகத்தை எப்படியும் பின்னர் தேய்க்கப் போகிறோம், உள்முகத்தின் சிறு சொரசொரப்பு பசைக்கு நல்லதே.

தகட்டின் ஓர் ஓரத்தை நீண்ட இழைப்புளியால் நேராக்கி, மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். அடுத்து, அறுக்கத் தொடங்குமுன், தகட்டின் முகத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை பென்சிலால் சாய்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அறுத்த பிறகு ஒவ்வொரு கீற்றின் விளிம்பிலும் அந்தக் கோட்டின் ஒரு புள்ளி இருக்கும்; கீற்றுகள் எப்படிக் கலைந்தாலும் புள்ளிகளை மீண்டும் ஒரே கோடாக அடுக்கினால் அவை மரத்தில் இருந்த வரிசை திரும்பக் கிடைத்துவிடும். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்தால், படகின் இரு பக்கமும் ஒரே மரத்தின் ஒரே பகுதியால் அமையும்.

ரம்பமும் அறுப்பும்

ரம்பம் தின்னும் மரத்தை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. தச்சுப் பட்டறையின் பெரிய வட்ட ரம்பம் 3 மில்லிமீட்டர் தின்னும். 60 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டில் அதைக்கொண்டு 2 மில்லிமீட்டர் கீற்றுகள் 12 மட்டுமே கிடைக்கும், 0.8 மில்லிமீட்டர் மட்டும் தின்னும் மெல்லிய ரம்பத்தில் 21 கிடைக்கும். புரோக்சான் போன்ற சிறிய மேசை ரம்பங்களில் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ரம்பங்களைப் பொருத்தலாம். இந்த வேலைக்கு அவை போதும். நீளவாட்டில் அறுக்கும்போது பற்கள் குறைவாக இருப்பதே நல்லது; பற்கள் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமின்றி அடைத்துக்கொண்டு, ரம்பம் சூடேறி அலையத் தொடங்கும். பற்கள் மரத்துக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி உயரத்தை அமையுங்கள்.

மேசையில் ரம்பம் வரும் துளை அகலமாக இருந்தால் மெல்லிய கீற்று அதற்குள் இழுக்கப்பட்டுச் சிதறும். ஆகவே மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை மேசையின் மேல் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்படி பொருத்தி, சுழலும் ரம்பத்தை மெதுவாகக் கீழிருந்து உயர்த்தி, ரம்பத்துக்குச் சரியான துளையை அதிலேயே உண்டாக்கிக்கொள்ளுங்கள். மரத்தை வழிநடத்தும் பக்கத் தடுப்பு ரம்பத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்பல்லிலும் பின்பல்லிலும் வெர்னியர் காலிபரால் அளந்து பாருங்கள். பின்புறம் ஒரு மயிரிழை அகன்றிருக்கலாம், குறுகியிருக்கவே கூடாது. குறுகினால் மரம் ரம்பத்தோடு நெருக்கப்பட்டு, அறுப்பவரை நோக்கி வேகமாகத் திரும்பப் பாயும்.

கீற்று அறுக்க இரண்டு வழிகள் உண்டு. தடுப்பை ரம்பத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, கீற்று தடுப்புக்கும் ரம்பத்துக்கும் நடுவில் விழும்படி அறுப்பது ஒன்று. இதில் தடுப்பை நகர்த்தாமலே எல்லாக் கீற்றும் ஒரே அளவாக வரும். ஆனால் அறுபட்ட மெல்லிய கீற்று ரம்பத்தருகே சிக்கி, அம்பாகப் பின்னோக்கிப் பறக்கும் அபாயம் இருக்கிறது. கீற்றையும் தகட்டையும் ஒருசேரத் தள்ளக்கூடிய அகலமான தள்ளுகட்டை இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. தடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில், ரம்பப் பல்லுக்குச் சற்று முன்னதாக, சிறு உருளை ஒன்றையோ வழவழப்பான கட்டையையோ மேசையில் பொருத்துங்கள். பல்லின் வெளிமுகத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள குறுக்கு அளவு, வேண்டிய தடிமனாக இருக்கட்டும். தகட்டை அந்தக் கட்டையைத் தொடும்வரை நகர்த்தி, தடுப்பை அதன் மறுபுறம் அணைத்து இறுக்கி, அறுங்கள். கீற்று வெளிப்பக்கமாகத் தடையின்றி விழும். தகடு மட்டுமே தடுப்பை ஒட்டிச் செல்லும். ஒவ்வொரு கீற்றுக்கும் தடுப்பைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டியிருந்தாலும், அளவைத் தீர்மானிப்பது அசையாத அந்தக் கட்டை என்பதால் தடிமன் மாறாது. அந்தக் கட்டை ஒருபோதும் ரம்பத்துக்கு நேராகவோ பின்னாலோ இருக்கக்கூடாது. இருந்தால் அதுவே கீற்றை ரம்பத்தோடு நெரிக்கும்.

2 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 2.2 ஆக அறுங்கள். முதல் இரண்டு கீற்றுகளை அறுத்ததும் முனை, நடு, கடை என மூன்று இடங்களில் அளந்து, வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் தொடரலாம். தள்ளும் வேகம் நடுவில் நிற்காமல் சீராக இருக்கட்டும். வெட்டு கருகினால் ரம்பம் மழுங்கியிருக்கிறது, அல்லது தடுப்பு கோணலாக இருக்கிறது, அல்லது மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள்.

விரல்கள் ரம்பத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வரவே கூடாது. கடைசிப் பகுதியைத் தள்ளுகோலால்தான் தள்ள வேண்டும். தள்ளும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மிக நுண்ணிய தூள் நுரையீரலில் தங்கும், தேக்கின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும் என்பதால் முகக்கவசமும் கட்டாயம். சிக்கிய துணுக்கை எடுக்க, மின் இணைப்பைப் பிடுங்கி, ரம்பம் முற்றிலும் நின்ற பிறகே கையை அருகில் கொண்டுசெல்லுங்கள்.

பால்சாவுக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். எஃகு அளவுகோலும் கூரிய கத்தியும் போதும். இழை கத்தியை அளவுகோலின் பக்கமாக இழுக்கும்படி தகட்டைத் திருப்பி வைத்து, ஒரே அழுத்தத்தில் வெட்டாமல் மூன்று நான்கு இலேசான இழுப்புகளில் வெட்டுங்கள்.

தடிமன் சீராக்கலும் பிரித்தலும்

ஒரு தட்டையான கட்டையில் 8.5 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள நீண்ட பள்ளம் அமைத்து, அதன் மேல் இழைப்புளியின் அலகையோ கூரிய எஃகுத் தகட்டையோ குறுக்காக, சற்றுச் சாய்வாக இறுக்கிவிட்டால், எளிய சுரண்டு கருவி கிடைத்துவிடும். கீற்றைப் பள்ளத்துக்குள் நுழைத்து, மறுபுறத்திலிருந்து இழை படியும் திசையில் இரண்டு மூன்று முறை இழுத்தால் எல்லாக் கீற்றும் ஒரே தடிமனுக்கு வந்துவிடும். உப்புத்தாளால் தனித்தனியே தேய்ப்பது நடுவில் மெலிந்து முனைகளில் தடித்த கீற்றுகளையே தரும். ஆகவே அதைத் தவிர்க்கிறேன்.

இனி வரும் சோதனையைப் பலர் செய்வதில்லை; செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஒவ்வொரு கீற்றையும் மேசை விளிம்பில் தட்டையாக வைத்து, 300 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்கி, முனையில் ஒரே சிறு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பின்னால் நிறுத்திய அளவுகோலில் பார்த்து, அந்த எண்ணைக் கீற்றின் முனையில் எழுதுங்கள். எடை கீற்றை முறிக்காத அளவுக்கு இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் அதே எடையாக இருப்பதே முக்கியம். ஏறக்குறைய ஒரே எண்ணுள்ள கீற்றுகளை இணை இணையாகச் சேர்த்துக் காகித நாடாவால் கட்டுங்கள். சாய்கோட்டின் வரிசையும் இந்த எண்ணும் முரண்பட்டால், உடலுக்கு எண்ணையே பின்பற்றுங்கள். மேல்தளத்தில் நிறம் தெரியும் என்பதால் அங்கே வரிசையைப் பின்பற்றுங்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ தாழ்பவற்றை உடலில் சேர்க்காமல் உள்வேலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அணியத்தை நோக்கி வங்கின் சுற்றளவு குறைவதால் கீற்றுகளின் அகலமும் அங்கே குறைய வேண்டும். இணையின் இரண்டு கீற்றுகளையும் ஒன்றாக இறுக்கி, ஒரே நேரத்தில் இழைத்தால் இரு பக்கச் சரிவும் ஒன்றுபோல வரும். முனையில் அகலம் பாதிக்குக் கீழே போகும்படி இழைக்காதீர்கள். அதற்குக் கீழே போனால் ஆணி பிடிக்கவும் பசை பிடிக்கவும் மரம் இராது. அப்படிக் குறைக்க வேண்டிய நிலை வந்தால், அங்கே ஒரு கீற்றையே நிறுத்திவிட்டு, பக்கத்துக் கீற்று அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். வளைவு அதிகமான முனைகளை வெந்நீரில் ஊறவைத்து, சூடான உலோகக் குழாயின் மேல் மெல்ல அழுத்தி வளைத்து, படகில் பசையின்றிக் கட்டி முழுவதும் உலரவிட்ட பிறகே ஒட்டுங்கள். ஒட்டும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல், இணையின் ஒன்றை இடத்திலும் மற்றதை வலத்திலும் உடனுக்குடன் ஒட்டிச் செல்லுங்கள்.

அறுத்த கீற்றுகளை உடனே பயன்படுத்தாவிட்டால், இருபுறமும் மூடியுள்ள பிவிசி குழாயில் நெருக்கமாக நிரப்பி, குழாயைச் சுவரில் கிடைமட்டமாகப் பொருத்தி வையுங்கள். சாய்த்து நிறுத்தினால் ஒரு வாரத்திலேயே வளைந்துவிடும். கட்டி முடித்த பின் மிஞ்சும் கீற்றுகளில் இரண்டு மூன்றை, எந்தப் படகுக்குரியவை என்று எழுதி அதே குழாயில் விட்டுவைத்தால், பவளப்பாறையில் இடித்து உடல் கிழியும் நாளில் அதே மரத்தால், அதே நிறத்தில், அதே விறைப்பில் பழுதுபார்க்க முடியும்.